முழுக் கிழங்கு கொடுத்துச் சீவல் தின்ற கதை

ஆவாரங்குளத்தின் கரையில் சிங்காரம் என்ற மயில் ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தது.

கடை என்று சொன்னால் சிங்காரத்துக்குக் கோபம் வரும். "கடையா? இது விருந்தகம்! தோகை விருந்தகம்!" என்று கழுத்தை நீட்டிச் சொல்லும்.

அதற்கு முன்பு அந்த இடத்தில் ஒரு நாவல் மரம் நின்றது. இப்போதும் அதே நாவல் மரம்தான் நின்றது. மயில் மரத்தடியைக் கூட்டியது. நாலைந்து தட்டைக் கற்களைப் போட்டது. வாசலில் ஓர் ஓணானை நிறுத்தியது. அவ்வளவுதான். ஓணானுக்கு வேலை, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது. பிறந்ததிலிருந்து சும்மா செய்துவந்த காரியத்தை இப்போது உத்தியோகமாகச் செய்தது.

காட்டில் காசு கிடையாது. அதனால் சாப்பிட வருகிற ஒவ்வொரு பிராணியும் தன்னிடம் உள்ளதில் சிறந்ததை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். கரடி என்றால் ஒரு முழுத் தேனடை. குரங்கு என்றால் ஒரு முழுப் பலாப்பழம். முள்ளம்பன்றி என்றால் ஆளுக்கு ஒரு முழு வள்ளிக்கிழங்கு.

"இது கொஞ்சம் அதிகமில்லையா?" என்று ஆரம்பத்தில் ஒரு முயல் கேட்டது.

"ருசி தெரிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்" என்றது மயில்.

முயலின் காது இரண்டும் தொங்கிப் போயின. அதன்பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தக் காட்டிலே ருசி தெரிந்த பிராணி என்று பெயர் வாங்கியது மல்லன் என்ற கரடி. அது வாரம் ஒருமுறை தேனடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகும். திரும்பி வரும்போது எதிரில் வருவோரையெல்லாம் நிறுத்திச் சொல்லும். "என்ன தேன்! நாக்கில் விழுந்ததும் ஒரு மௌனம்! அந்த மௌனத்துக்குப் பின்னால் இன்னொரு மௌனம்!"

கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியாது. புரியாததனால் மரியாதை கூடியது.

மலையடிவாரத்தில் ஒரு வளையில் சுடலை என்ற முள்ளம்பன்றி குடும்பம் நடத்தியது. மனைவி பேச்சி. ஒரே மகள் வடிவு. அந்த வருஷம் வெயில் கடுமை. இரண்டு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. மலைச்சரிவு பாறைபோல் இறுகிப் போனது. வளைக்குள் நாலே நாலு வள்ளிக்கிழங்குகள் மிச்சம் இருந்தன. மழை விழும்வரை மூன்று வயிறுகளுக்கும் அவைதான்.

அந்தச் சமயம் பார்த்து வடிவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கருங்கரட்டில் வசிக்கும் கோமதி என்ற முள்ளம்பன்றி, தன் மகனுக்காகப் பெண் பார்க்க வந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

வடிவு மண் தோண்டுவதைப் பார்த்ததும் கோமதிக்குப் பிடித்துவிட்டது. "எவ்வளவு கெட்டி மண்ணையும் வெண்ணெய் மாதிரி தோண்டுதே, மதினி! இப்படி ஒரு மருமகதான் எனக்கு வேணும்!" என்று பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டது.

காரியம் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் சுடலைக்கு அது போதவில்லை.

"சம்பந்தி! சாயங்காலம் நம்ம எல்லாரும் தோகை விருந்தகத்தில் சாப்பிடறோம்!" என்றது.

 பேச்சி கணவனை வளையின் மூலைக்கு இழுத்துப் போனது.

"என்னங்க இது? ஒரு கிழங்கை நறுக்கி, கூட நாலு நெல்லிக்காயை வச்சா சம்பந்தி சந்தோஷமா சாப்பிட்டுப் போவாங்க."

"ஒரு கிழங்கா? அவங்க ஊர்ல போய் நம்மளப் பத்தி என்ன சொல்வாங்க?"

"அங்க போனா மூணு கிழங்கு போயிடும்! மிச்சம் ஒண்ணுதான் இருக்கும். மழை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"வடிவு கல்யாணத்தைவிடக் கிழங்கு பெருசா உனக்கு?"

இப்படிக் கேட்டுவிட்டால் எந்தத் தாயால் பதில் சொல்ல முடியும்? பேச்சி மூன்று கிழங்குகளைத் தனியே எடுத்து வைத்தது.

"நீ வீட்டிலேயே இரும்மா. நாலாவது ஆளுக்குக் கொடுக்கக் கட்டாது" என்று சுடலை மகளிடம் சொன்னது.

"பரவாயில்லப்பா. மிச்சம் இருக்கற கிழங்குக்கு நான் காவல் இருக்கேன். அதையும் யாருக்காவது கொடுத்துடாதீங்க" என்றது வடிவு.

சுடலை காதில் விழாததுபோல் நடந்தது.

மூன்றும் விருந்தகத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மூன்று கிழங்குகளையும் ஓணான் வாங்கிப் பின்பக்கம் அனுப்பியது.

"முன்கூட்டியே சொல்லி வைத்தீர்களா?" என்று கேட்டது.

"இல்லையே" என்றது சுடலை.

"அப்படியானால் காத்திருக்க வேண்டும்."

பேச்சி உள்ளே எட்டிப் பார்த்தது. "பாதிக் கல்லு காலியாத்தானே கிடக்கு!"

"ஆமாம், காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் காத்திருக்க வேண்டும்" என்று ஓணான் தலையாட்டியது.

காத்திருந்தார்கள். கால் வலித்தது. கோமதி மலையேறி இறங்கி வந்த பிராணி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அதன் வயிறு ஒருமுறை சத்தம் போட்டது. சுடலை சிரித்துக்கொண்டே, "பெரிய இடம் இல்லையா சம்பந்தி! அப்படித்தான் இருக்கும்!" என்றது.

கடைசியில் உள்ளே விட்டார்கள். குளத்தங்கரையோரம் ஒரு கல் கிடைத்தது. ஒரு பக்கத்துக் கல்லில் கரடி மல்லன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஓர் இலை. இலையின் நடுவில் ஒரு துளி தேன். இன்னொரு கல்லில் கடமான் தம்பதி. அவை இரண்டும் வாயைத் திறக்காமல் மெல்லுவதைப் பழகிக்கொண்டிருந்தன. மரக்கிளையில் ஒரு மந்தி, தன் இலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காட்டுக்கே கேட்கும்படி கத்தியது. "எல்லாரும் பாருங்க! நான் தோகை விருந்தகத்துல சாப்பிடறேன்! பாருங்க!" தூரத்து மரங்களிலிருந்து மற்றக் குரங்குகள் பொறாமையோடு கூவின. மந்திக்கு அதுவே பாதி வயிறு நிறைந்த மாதிரி.

முதலில் மூன்று நத்தை ஓடுகள் வந்தன.

"அருவியின் முதல் மூச்சு" என்று அறிவித்தது ஓணான்.

பேச்சி குடித்துப் பார்த்தது. தண்ணீர். பக்கத்துக் குளத்துத் தண்ணீர். வேண்டுமானால் உட்கார்ந்த இடத்திலிருந்தே குனிந்து குடித்திருக்கலாம்.

"அருமை!" என்றது சுடலை.

அடுத்து மூன்று மண் உருண்டைகள் வந்தன. ஒவ்வோர் உருண்டையின் உச்சியிலும் ஒரு மெல்லிய வேர் செங்குத்தாக நின்றது.

"வெயிலைத் தேடும் வேர்" என்றது ஓணான்.

சுடலை உருண்டையை அப்படியே வாயில் போட்டு மென்றது. பல்லில் மண் நறநறவென்றது.

"ஐயா, வேரை மட்டும்தான் சாப்பிட வேண்டும். மண் அலங்காரத்துக்கு" என்றது ஓணான்.

கடமான் தம்பதி திரும்பிப் பார்த்தன.  சுடலை வாயில் இருந்த மண்ணை மடக்கென்று விழுங்கிவிட்டு, "தெரியும், தெரியும்! அலங்காரமும் அருமை!" என்றது.

கோமதி சுடலையை ஒரு மாதிரியாகப் பார்த்தது. 

அப்புறம் வெகுநேரம் எதுவும் வரவில்லை. குளத்தில் தவளைகள் பேசி முடித்தன. ஒரு கொக்கு வந்து, மீன் பிடித்து, தின்றுவிட்டுப் போனது. அந்தக் கொக்கை மூன்று முள்ளம்பன்றிகளும் ஏக்கத்தோடு பார்த்தன.

கடைசியாக ஒரு பெரிய தாமரை இலை வந்தது. அதை வாசல் ஓணானும் இன்னோர் ஓணானும் சேர்ந்து தூக்கி வந்தன. இலையின் நடுவில் மூன்று சீவல்கள். ஒவ்வொரு சீவலும் அவ்வளவு மெலிசு! தூக்கிப் பிடித்தால் அதன் வழியாகக் குளம் தெரிந்தது.

"மேகத்தில் துயிலும் வள்ளி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது ஓணான்.

பேச்சி தன் சீவலை உற்றுப் பார்த்தது. ஓரத்தில் அரைவட்டமாக ஒரு பள்ளம். அன்று மத்தியானம் ஒரு கிழங்கில் புழு அரித்திருந்த இடத்தைத் தன் பல்லாலேயே பேச்சி தோண்டி எறிந்திருந்தது. அதே பள்ளம்! அதே பல் தடம்!

"என்னங்க!" என்று பேச்சி கிசுகிசுத்தது. "இது நம்ம கிழங்குங்க! நம்ம கொடுத்த கிழங்கையே சீவி நமக்கே கொடுக்கறாங்க!"

"சும்மா இரு! சம்பந்தி காதில் விழப்போகுது!"

"மிச்சக் கிழங்கு எங்கங்க?"

"சும்மா இருன்னு சொன்னேன்!"

அந்த நேரத்தில் சிங்காரம் நடந்து வந்தது. வந்ததும் தோகையை விரித்தது. ஒரு முறை இந்தப் பக்கம். ஒரு முறை அந்தப் பக்கம். தோகைக் காற்றில் கோமதியின் சீவல் பறந்துபோய்க் குளத்தில் விழுந்தது. ஒரு கெண்டை மீன் அதை வாயில் கவ்வியது. பிறகு துப்பிவிட்டுப் போனது.

"எப்படி இருக்கிறது?" என்று மயில் கேட்டது.

கோமதி காலி இலையைப் பார்த்தது. பேச்சி தரையைப் பார்த்தது. சுடலை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அருமை! இப்படி ஒரு கிழங்கை நாங்க சாப்பிட்டதே இல்லை!"

கோமதியும் மரியாதைக்கு, "நல்லாருக்கு" என்று முனகியது. விருந்துக்கு அழைத்தவர்கள் மனம் நோகக் கூடாதே!

"இன்னும் கொஞ்சம் கிழங்கு கிடைக்குமாங்க?" என்று பேச்சி கேட்டது.

மயில் சிரித்தது. "அம்மணி! வயிற்றுக்காகச் சாப்பிடுகிறவர்களுக்குப் புதர்கள் இருக்கின்றன. இங்கே வருகிறவர்கள் அனுபவத்துக்காக வருகிறார்கள்."

மல்லன் கண்ணைத் திறக்காமலே, "சரியாகச் சொன்னாய்!" என்றது. கடமான் தம்பதி தலையாட்டின. ஓணான் எப்போதும்போல் தலையாட்டியது.

எழுந்தார்கள். வாசலில் ஓணான் மறித்தது.

"தோகை தரிசனத்துக்கு ஆளுக்கு மூன்று முள்."

"முள்ளா?" என்றது பேச்சி.

"உங்கள் முதுகில் இருக்கிறதே, அதில் நீளமானவை. சாப்பிட்டபின் பல் குத்த விருந்தினர்கள் கேட்கிறார்கள்."

"பல்லுல மாட்டற அளவுக்கு இங்க என்னய்யா போட்டீங்க?" என்று பேச்சி வெடித்தது.

சுடலை அவசரமாக முன்னால் வந்தது. "நானே தர்றேன்! மூணு பேருக்கும் நானே தர்றேன்!" என்று சொல்லித் தன் முதுகிலிருந்து ஒன்பது முட்களைப் பிடுங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு முள்ளுக்கும் உயிர் போய் வந்தது. ஆனாலும் சிரித்த முகம் மாறவில்லை. பின்முதுகில் வழுக்கையாய் ஓர் இடம் தெரிந்தது.

வெளியே வந்ததும் கோமதி நின்றது. முகத்தில் மத்தியானம் இருந்த சிரிப்பு இல்லை.

"நான் கரட்டுக்குக் கிளம்பறேன் அண்ணாச்சி. கல்யாண விஷயத்தை யோசிச்சுச் சொல்லி அனுப்பறேன்."

"யோசிச்சா? மத்தியானம் முடிவானது மாதிரி பேசினீங்களே சம்பந்தி!"

"மத்தியானம் வேற" என்று சொல்லிவிட்டுக் கோமதி நடந்துவிட்டது.

சுடலை மனைவி பக்கம் திரும்பியது. "பாத்தியா பேச்சி! நம்ம உபசாரம் பத்தலை. இன்னும் கொஞ்சம் பெருசா செஞ்சிருக்கணும்!"

பேச்சி அதன் முகத்தைப் பார்த்தது. திட்டக்கூடத் தெம்பில்லை. "எனக்குப் பசிக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடைப்பக்கம் திரும்பி நடந்தது. சுடலை பின்னாலேயே போனது. அதற்கும் பசி.

ஓடை வற்றிக் கிடந்தது. ஆனால் வளைவில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தது. அங்கே கோரைக்கிழங்கு கிடைக்கும். சின்னச் சின்னதாக, கசப்பும் உவர்ப்புமாக இருக்கும். நல்ல காலத்தில் முள்ளம்பன்றிகள் அதை ஏறெடுத்தும் பார்க்காது.

மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில், கோரைக்கு நடுவே யாரோ பரபரவென்று மண்ணைப் பறிப்பது தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், கோமதி! மூக்கு வரைக்கும் சேறு. வாய் நிறையக் கோரைக்கிழங்கு.

மூன்றும் ஒன்றையொன்று பார்த்தன. கோமதியால் வாயைத் திறக்க முடியவில்லை. மென்று விழுங்கியது.

"மதினி! நீங்களுமா?" என்றது பேச்சி.

"வேற என்ன செய்ய மதினி? காலையில சாப்பிட்டது! இப்படியே மலை ஏறினா நடுவழியில விழுந்துடுவேன்."

"நல்லாருக்குன்னு சொன்னீங்களே சம்பந்தி!" என்றது சுடலை.

அப்போதுதான் கோமதிக்குக் கோபம் வந்தது.

"நான் விருந்தாளி! மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க அண்ணாச்சி? மண்ணைத் தின்னுட்டு அருமைன்னீங்க! தண்ணியைக் குடிச்சுட்டு அருமைன்னீங்க! இல்லாத கிழங்குக்கு இன்னும் கிழங்கு கொடுப்பேங்கற மாதிரி உக்காந்திருந்தீங்க! நான் என்ன நினைப்பேன்? இந்த வீட்டுக்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. நாளைக்கு என் பையனை எவனாவது ஏமாத்தினா, இவங்க கைதட்டிட்டு நிப்பாங்க. இப்படிப்பட்ட இடத்துல எப்படி அண்ணாச்சி சம்பந்தம் பண்றது?"

சுடலையின் முட்கள் எல்லாம் படிந்து போயின. மகளின் கல்யாணத்துக்காகத்தான் அது மூன்று கிழங்கைக் கொடுத்தது. ஒன்பது முள்ளைக் கொடுத்தது. இப்போது கல்யாணத்தைக் கெடுத்தது அந்த விருந்துதான். விருந்துகூட இல்லை. 'அருமை' என்ற அந்த ஒரு வார்த்தை.

சுடலை சேற்றில் உட்கார்ந்தது.

"பொய் சொன்னேன் சம்பந்தி. எனக்கும் பிடிக்கலை. இப்பவும் பல்லு நறநறங்குது. கரடிக்குப் பிடிச்சிருக்கு, கடமானுக்குப் பிடிச்சிருக்கு, எனக்கு மட்டும் பிடிக்கலைன்னு சொன்னா என்னை மட்டமா நினைப்பீங்கன்னு பயந்தேன். வீட்டுல நாலு கிழங்குதான் இருந்துச்சு. மழை வர்றவரைக்கும் அதுதான் எங்களுக்கு. அதுல மூணை அங்க கொடுத்தேன்."

"நாலுல மூணா!" என்று கோமதி பதறியது. "அட, என்ன அண்ணாச்சி நீங்க! எனக்கு அரைக் கிழங்கு போதுமே!"

"நான் அதைத்தான் சொன்னேன்" என்றது பேச்சி.

அந்த நேரத்தில் ஓடைக்கு மேல்பக்கமிருந்து ஓர் உறுமல் கேட்டது. "ஏய்! யார் அது என் புற்றில்?"

மூன்றும் மேட்டில் ஏறிப் பார்த்தன. அங்கே ஒரு பெரிய கறையான் புற்று. ருசி தெரிந்த மல்லன், தேன் துளியால் வயிறு நிறையாமல், கறையான் தின்ன வந்திருந்தது. ஆனால் அதற்கு முன்பே அங்கே ஒருவர் இருந்தார். கழுத்து முழுவதையும் புற்றுக்குள் விட்டு, தோகை மண்ணில் புரள, கொத்திக் கொத்தி விழுங்கிக்கொண்டிருந்தது சிங்காரம்!

தலையை வெளியே எடுத்தது மயில். அலகெல்லாம் செம்மண். அதன் மேல் இரண்டு கறையான்கள் ஓடின.

"என்னய்யா இது? உன் விருந்தகத்தில் நீ சாப்பிடுவதில்லையா?" என்று கேட்டது மல்லன்.

"இது... இது ஆராய்ச்சி! புதிய பதார்த்தத்துக்காக!" என்றது மயில்.

"வயித்துக்காகச் சாப்பிடறவங்களுக்குத்தான் புதர்னு சொன்னியே! உனக்கு வயிறு இருக்கா?" என்று கேட்டது பேச்சி.

"ருசி தெரியாத பிறவிகளோடு எனக்குப் பேச்சில்லை!" என்று மயில் நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது ஒரு கறையான் அதன் மூக்குத் துளைக்குள் போய்விட்டது. மயில் தும்மியது. அவ்வளவு கம்பீரமும் அந்தத் தும்மலில் போய்விட்டது.

"சரி, எங்க மிச்சக் கிழங்கு எங்க? நான் போய்ப் பாக்கறேன்!" என்று பேச்சி திரும்பி நடந்தது. கோமதி கூடவே நடந்தது. சுடலையும் மல்லனும் பின்னால் ஓடின. மயில், "பின்பக்கம் யாரும் போகக் கூடாது! அது சமையலறை! புனிதமான இடம்!" என்று கத்திக்கொண்டே பறந்து வந்தது.

சத்தம் கேட்டு, விருந்தகத்தில் பசியோடு பல் குத்திக்கொண்டிருந்த கடமான் தம்பதியும் மந்தியும் எழுந்து வந்தன.

நாவல் மரத்தின் பின்னால் ஒரு பள்ளம். வாழைச்சருகால் மூடியிருந்தது. பேச்சி சருகை இழுத்துப் போட்டது.

உள்ளே அடுப்பு இல்லை. அம்மி இல்லை. சமையல் என்று எதுவும் இல்லை. நுனி மட்டும் சீவிய வள்ளிக்கிழங்குகள் குவிந்து கிடந்தன. ஒரே ஒரு சுளை எடுத்த பலாப்பழங்கள் கிடந்தன. ஒரு மூலை மட்டும் கிள்ளிய தேனடைகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்தவை நன்றாக இருந்தன. அடியில் இருந்ததெல்லாம் அழுகிப் புழு நெளிந்தது. காடே வயிற்றைக் கட்டிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிற காலத்தில், இங்கே சாப்பாடு அழுகிக்கொண்டிருந்தது!

"உனக்குக் கிழங்கும் வேண்டாம், பலாவும் வேண்டாம். நீ தின்னறது கறையான். அப்புறம் எதுக்குய்யா இதையெல்லாம் வாங்கி வச்சே?" என்று கேட்டது கோமதி.

 "வாங்கினால்தான் இது பெரிய இடம் என்று நம்புகிறீர்கள்" என்றது மயில். அன்று முழுவதும் அது சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மல்லன் தேனடைகளையே பார்த்துக்கொண்டு நின்றது. எல்லாம் அதனுடையவை. ஒவ்வொன்றுக்காகவும் எத்தனை தேனீக்கள் கொட்டியிருக்கும்!

"என்ன மல்லா, மௌனமாயிட்டே?" என்று மந்தி கேட்டது.

"இருந்தாலும்... அந்தத் துளியில் ஏதோ ஒரு ஆழம் இருந்தது" என்றது மல்லன். இவ்வளவு நாள் புகழ்ந்துவிட்டு, இப்போது எப்படி மாற்றிச் சொல்வது?

சுடலைக்குப் பொறுக்கவில்லை. குவியலின் மேல் ஏறி நின்றது.

"எல்லாரும் கேளுங்க! நான் இங்க மண்ணைத் தின்னுட்டு அருமைன்னு சொன்னவன்! மூணு தடவை சொன்னேன். மூணும் பொய்! சாப்பாடு மட்டம். அளவு அதைவிட மட்டம். பசியோட வந்தேன், பசியோடவும் வலியோடவும் போறேன். என் முதுகைப் பாருங்க!" என்று சொல்லித் திரும்பி வழுக்கையைக் காட்டியது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மந்திதான். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அது மெதுவாக, "எனக்கும் பசிக்குது" என்றது.

அதைக் கேட்டதும் மல்லன் ஒரு தேனடையை எடுத்து அப்படியே வாயில் போட்டது. தேன் தாடையில் வழிந்தது. மௌனம், ஆழம் எதையும் பற்றி அது பேசவில்லை. அடுத்ததை எடுத்தது.

"வையுங்கள் கீழே! அதெல்லாம் என்னுடையது!" என்று மயில் பாய்ந்தது.

பேச்சியும் கோமதியும் ஒரே நேரத்தில் திரும்பி நின்று முட்களைச் சிலிர்த்தன. சடசடவென்று சத்தம் எழுந்தது. மயில் பாய்ந்த வேகத்திலேயே பின்வாங்கி, நாவல் மர உச்சிக்குப் பறந்துபோய் உட்கார்ந்தது. அங்கிருந்து கத்தியது. தோகை எவ்வளவு அழகோ, குரல் அவ்வளவு கர்ணகடூரம் என்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. ஓணான் மட்டும் வழக்கப்படி தலையாட்டிக்கொண்டிருந்தது. மயிலுக்கா, மற்றவர்களுக்கா என்று அதற்கே தெரியவில்லை.

நல்ல கிழங்குகளை முள்ளம்பன்றிகள் பொறுக்கிக்கொண்டன. பழங்களை மந்தியும் அது கூவி அழைத்த குரங்குகளும் எடுத்துக்கொண்டன. அழுகியதை மண்ணில் தள்ளி மூடினார்கள். போகும் வழியில் கோமதி சுடலையின் பக்கத்தில் வந்து நடந்தது.

"அண்ணாச்சி, முதல் மழை விழுந்ததும் கல்யாணத்தை வச்சுக்கலாம்."

"நிஜமாவா சம்பந்தி? என் மேல கோபம் போயிடுச்சா?"

"அத்தனை பேர் முன்னால பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டீங்க. அந்தத் தைரியம் இருக்கற வீட்டுல என் பையன் கெட்டுப்போக மாட்டான். ஆனா ஒண்ணு. கல்யாணச் சாப்பாட்டை மதினிகிட்ட விட்டுடுங்க!"

அன்று வளையில் நான்கும் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டன. எதற்கும் பெயர் வைக்கவில்லை. கிழங்கு என்றே சொன்னார்கள்.

இருபது நாள் கழித்து மழை விழுந்தது. கல்யாணமும் நடந்தது.

சிங்காரம் சும்மா இருந்ததா? இல்லை. இரண்டு மலை தாண்டிப் போய், ஒரு புளியமரத்தடியில் கற்களைப் போட்டு, இன்னொரு விருந்தகம் திறந்தது. அங்கே கட்டணம் இரண்டு மடங்கு. கடமான் தம்பதி அந்தச் செய்தியைக் கேட்டதும் குளித்து, கொம்பைத் துடைத்து, இரண்டு மலையும் ஏறி இறங்கிப் போய் வாசலில் நின்றன. உள்ளே கற்கள் எல்லாம் காலியாகத்தான் கிடந்தன. அவை பயபக்தியோடு காத்திருக்கின்றன.

தங்கள் வயிறு சொல்வதை நம்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதை நம்புகிறவர்கள், கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துப் பட்டினியைத்தான் வாங்கி வருவார்கள்.